ஃப்ளஷா, ஸ்ட்ரெய்ட்டா? போக்கரில் எந்தக் கை எதை வெல்லும், ஏன்

போக்கர் கற்கத் தொடங்குபவர்கள் முதல் நாளே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டாம் நாள் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நினைவு தடுமாறுவது ஃப்ளஷ் பெரியதா, ஸ்ட்ரெய்ட் பெரியதா என்ற இடத்தில்தான். இரண்டும் பார்வைக்கு அழகானவை, இரண்டுக்கும் ஐந்து சீட்டும் ஒத்துவர வேண்டும், இரண்டும் கைக்கு வந்தால் மனசு குதிக்கும். பட்டியலை எத்தனை முறை படித்தாலும் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பின்னால் உள்ள கணக்கு பிடிபட்டுவிட்டால் பட்டியலே தேவைப்படாது. எந்த அமைப்பு அரிதாக வருகிறதோ அது மேலே, அடிக்கடி வருவது கீழே. அவ்வளவுதான் விதி.

52 சீட்டுக் கட்டிலிருந்து ஐந்து சீட்டை எடுக்க மொத்தம் 25,98,960 வழிகள் உண்டு. ஒவ்வொரு அமைப்பும் இவற்றில் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்த்தாலே தரவரிசை தானாக வந்து நிற்கும்.

சீட்டும் சின்னமும்

சீட்டுகளின் மதிப்பு 2-இல் தொடங்கி 10 வரை ஏறி, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று முடியும். ஏஸ்தான் எல்லாவற்றுக்கும் பெரியது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது 1 ஆக இறங்கி வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

இஸ்பேடு, ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நான்கு சின்னங்களில் உயர்ந்தது, தாழ்ந்தது எதுவும் இல்லை. வேறு சில சீட்டாட்டங்களில் இஸ்பேடு மற்றவற்றை வெட்டும். அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் இரு கைகள் சமமாக நிற்கும்போது "என்னிடம் இஸ்பேடு ஏஸ் இருக்கிறதே" என்று கேட்பார்கள். போக்கரில் அது செல்லாது. எண்கள் ஐந்தும் சமமென்றால் கைகளும் சமம், நடுவில் சேர்ந்த பணம் இரண்டாகப் பிரியும். முதலில் யார் சீட்டுப் போடுவது என்று தீர்மானிக்கும்போதும், சில ஸ்டட் ஆட்டங்களில் (சில சீட்டுகளைத் திறந்தபடியே கொடுக்கும் வகை) முதலில் பந்தயம் கட்ட வேண்டியவர் யார் என்று பார்க்கும்போதும் சின்னத்துக்கு வரிசை வைப்பதுண்டு. கையின் மதிப்பில் அது நுழைவதே இல்லை.

ரம்மி ஆடியவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ரம்மியில் சீக்வென்ஸ் என்றால் ஒரே சின்னத்தில் வரிசை. போக்கரில் எந்தச் சின்னமாக இருந்தாலும் எண்கள் வரிசையாக வந்தால் அது ஸ்ட்ரெய்ட். ஒரே சின்னமும் சேர்ந்துவிட்டால் அது வேறு தரத்துக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று: போக்கரில் கை என்றால் எப்போதும் ஐந்து சீட்டு. உங்களுக்கு ஏழு சீட்டு கிடைக்கலாம், ஒன்பது கிடைக்கலாம். கணக்கில் வருவது அவற்றில் சிறந்த ஐந்து மட்டும். ஆறாவது சீட்டுக்கு வேலையில்லை. தொடக்க ஆட்டக்காரர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

கீழிருந்து மேலே

ஐந்து சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தால் அது ஹை கார்ட். மிகப் பெரிய சீட்டை வைத்து அதற்குப் பெயர்: "ஏஸ் ஹை", "ராணி ஹை". இது 13,02,540 முறை வரும். ஐந்து சீட்டு எடுத்தால் பாதிக்குச் சற்று மேலான தடவை கையில் ஒன்றுமே இருக்காது என்று பொருள். அடுத்தது ஒரு ஜோடி, 10,98,240. இந்த இரண்டும் சேர்ந்தே மொத்தத்தில் 92 சதவீதத்தை விழுங்கிவிடுகின்றன. மேலே உள்ள எட்டுத் தரங்களும் மிச்சமிருக்கும் 8 சதவீதத்துக்குள் அடங்குபவை.

இரண்டு ஜோடி என்றால் ராஜா-ராஜா-9-9-4 போன்ற கை. 1,23,552 முறை, அதாவது ஏறத்தாழ 21 கைக்கு ஒன்று. அதற்கு மேல் ஒரே எண்ணில் மூன்று சீட்டு. ஆட்டக்காரர்கள் இதைச் சுருக்கமாக டிரிப்ஸ் என்பார்கள். 54,912 முறை, 47 கைக்கு ஒன்று. கையில் மூடியிருக்கும் இரண்டும் ஜோடியாக இருந்து மூன்றாவது மேசையில் திறக்கும் பொதுச் சீட்டாக வந்தால் அதற்கு செட் என்று தனிப்பெயர் உண்டு. தரம் ஒன்றுதான், எதிராளி ஊகிக்கக் கடினம் என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

ஸ்ட்ரெய்ட் என்பது 5-6-7-8-9 போல அடுத்தடுத்த ஐந்து எண்கள். 10,200 முறை. ஃப்ளஷ் என்பது ஒரே சின்னத்தில் ஐந்து, எண்கள் எப்படி இருந்தாலும் சரி. 5,108 முறை. கவனியுங்கள், ஸ்ட்ரெய்ட்டில் ஏறத்தாழ பாதி. குழப்பத்துக்கான விடை இதுதான்: ஃப்ளஷ் வருவது அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு அரிது, ஆகவே ஃப்ளஷ் ஸ்ட்ரெய்ட்டை வெல்லும்.

ஃபுல் ஹவுஸ் என்றால் ஒரு எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு: ராணி-ராணி-ராணி-5-5. இது 3,744 முறை. ஐந்து சீட்டில் ஒன்றுகூட வீணாகாத கை. ஒரே எண்ணில் நான்கும் வந்தால் ஃபோர் ஆஃப் எ கைண்ட், பேச்சில் குவாட்ஸ். 624 முறை, 4,165 கைக்கு ஒன்று. இதைத் தாண்டினால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: வரிசையும் ஒரே சின்னமும் ஒன்றாகச் சேர்ந்தது, 36 முறை. இதன் உச்சமான 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் ஒரே சின்னத்தில் அமைந்தால் ராயல் ஃப்ளஷ். சின்னத்துக்கு ஒன்றாக நான்கே நான்கு. 6,49,740 கைக்கு ஒன்று. பலர் இதைத் தனித் தரமாக எண்ணுகிறார்கள். உண்மையில் இது ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்களில் மிகப் பெரியது, அவ்வளவுதான்.

ஒரே மூச்சில் மேலிருந்து சொன்னால்: ராயல் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், குவாட்ஸ், ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், டிரிப்ஸ், இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, ஹை கார்ட்.

இதில் ஜோடிக் குடும்பத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் 1, 2, 3 என்று எவருக்கும் இயல்பாக வரும்: ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று, மூன்றும் இரண்டும், நான்கு. ஐந்து சீட்டும் தேவைப்படும் ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் அந்த ஏணியின் நடுவில், டிரிப்ஸுக்கும் ஃபுல் ஹவுஸுக்கும் இடையில் செருகப்பட்டவை. செருகப்பட்டவை என்று சொல்வது உவமைக்காக அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போக்கர் 20 சீட்டில் ஆடப்பட்டது. 10 முதல் ஏஸ் வரையிலான சீட்டுகள் மட்டும். அப்போது ஜோடிக் குடும்பம்தான் ஆட்டமே. 52 சீட்டுக் கட்டுக்கு மாறிய பிறகே ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் உள்ளே வந்தன.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

கணக்கில் ஆர்வமில்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு வரிசை மறக்காது.

ஸ்ட்ரெய்ட்டை எடுத்துக்கொள்வோம். ஏஸ்-2-3-4-5 முதல் 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் வரை பத்து வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து இடம். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு சின்னங்களில் ஏதாவது ஒன்று. 4-ஐ ஐந்து முறை பெருக்கினால் 1,024. பத்து வரிசைக்கு 10,240. இவற்றில் ஐந்தும் ஒரே சின்னமாக அமைந்துவிட்ட 40 கைகள் மேல் தரத்துக்குப் போய்விடுவதால், மிச்சம் 10,200.

ஃப்ளஷுக்கு ஒரு சின்னத்தின் 13 சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 1,287 வழி. நான்கு சின்னத்துக்கு 5,148. அதே 40-ஐக் கழித்தால் 5,108. ஃபுல் ஹவுஸுக்கு, மூன்றாக வரும் எண்ணுக்கு 13 வாய்ப்பு, அதன் நான்கு சீட்டில் மூன்றை எடுக்க 4 வழி, இரண்டாக வரும் எண்ணுக்கு 12 வாய்ப்பு, அதில் இரண்டை எடுக்க 6 வழி. பெருக்கினால் 3,744. குவாட்ஸ் இன்னும் எளிது: 13 எண்கள், ஐந்தாவது சீட்டாக மிச்சமுள்ள 48-இல் எதுவும். 13 × 48 = 624.

இருவருக்கும் ஒரே தரம் வந்தால்

உண்மையான ஆட்டத்தில் ஃப்ளஷுக்கும் ஃபுல் ஹவுஸுக்கும் மோதல் எப்போதோதான் வரும். ஜோடிக்கும் ஜோடிக்கும் வருவதே அதிகம். அதனால் பத்துத் தரங்களைத் தெரிந்துகொள்வதைவிட ஒரே தரத்துக்குள் யார் பெரியவர் என்று பார்க்கத் தெரிவதற்கே பயன் கூடுதல்.

பொது விதி: எது அதிக எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் ஒப்பிட வேண்டும், பிறகு மிச்சத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஃபுல் ஹவுஸில் மூன்றாக வந்த எண்தான் முதலில் பேசும். 8-8-8-3-3 என்ற கை 7-7-7-ஏஸ்-ஏஸ் என்ற கையை வெல்லும். ஏஸ் ஜோடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டு ஜோடியில் பெரிய ஜோடிதான் முதலில். ராஜா-ராஜா-2-2-3 என்பது ராணி-ராணி-ஜாக்கி-ஜாக்கி-ஏஸ் என்பதைவிடப் பெரியது. பெரிய ஜோடி சமமென்றால் சின்ன ஜோடி, அதுவும் சமமென்றால் ஐந்தாவது சீட்டு.

சேர்ந்த சீட்டுகள் போக மிஞ்சி நிற்கும் அந்தச் சீட்டுக்குப் பெயர் கிக்கர். டெக்ஸஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு. நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும், அந்த ஐந்துக்குத்தான் போர்டு என்று பெயர். போர்டில் ஏஸ், 9, 6, 3, 2 இருக்கிறது. சின்னம் எதுவும் மூன்றாகச் சேரவில்லை. ஒருவரிடம் ஏஸ்-ராஜா, இன்னொருவரிடம் ஏஸ்-7. இருவருக்கும் ஏஸ் ஜோடி. முதலாமவரின் கை ஏஸ்-ஏஸ்-ராஜா-9-6, இரண்டாமவருடையது ஏஸ்-ஏஸ்-9-7-6. ராஜா 9-ஐ வெல்கிறது, முதலாமவருக்கே பணம். ஏஸ் வந்ததுமே துணைச் சீட்டைப் பாராமல் பணத்தைத் தள்ளுபவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

இப்போது போர்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ஏஸ், ராஜா, 9, 9, 5. ஒருவரிடம் ஏஸ்-7, மற்றவரிடம் ஏஸ்-4. இருவரின் சிறந்த ஐந்தும் ஏஸ்-ஏஸ்-9-9-ராஜா. 7 பெரியதுதான், ஆனால் அது ஐந்துக்குள் நுழையவே இல்லை. பணம் சரிபாதியாகப் பிரியும்.

ஃப்ளஷில் ஐந்து சீட்டையும் மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். எண்களைக் கூட்டிப் பார்ப்பது, கையிலிருந்து எத்தனை சீட்டு சேர்ந்தது என்று பார்ப்பது எல்லாம் தவறு. போர்டில் ஹார்ட்டின் ராஜா, 10, 6, 2, அவற்றோடு கிளாவர் 8. ஒருவரிடம் ஹார்ட்டின் ராணியும் கிளாவர் ஏஸும். இன்னொருவரிடம் ஹார்ட்டின் ஜாக்கியும் ஹார்ட்டின் 9-உம். முதல் கை ராஜா-ராணி-10-6-2, இரண்டாவது ராஜா-ஜாக்கி-10-9-6. ராஜா இருவருக்கும் பொது. அடுத்த இடத்தில் ராணி ஜாக்கியை வென்றுவிடுகிறது, ஒப்பீடு அங்கேயே முடிந்தது. இரண்டு ஹார்ட்டின் வைத்திருந்தவர் தோற்கிறார். முதலாமவரின் கிளாவர் ஏஸ் இந்தக் கதைக்குள் வருவதே இல்லை.

ஸ்ட்ரெய்ட்டில் மேல் சீட்டை மட்டும் பார்த்தால் போதும். ஏஸ் 1 ஆக இறங்கி வருவது இங்கேதான்: ஏஸ்-2-3-4-5. இதற்கு வீல் என்று செல்லப்பெயர். இதில் ஏஸ் இருந்தாலும் இது "ஏஸ் ஹை" ஆகாது. 5 மேல் சீட்டாக உள்ள, ஸ்ட்ரெய்ட்களிலேயே மிகச் சிறிய கை. போர்டில் 3, 4, 5, ராஜா, ராஜா இருக்க, ஏஸ்-2 வைத்திருப்பவர் 6-7 வைத்திருப்பவரிடம் தோற்பார். ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று வட்டம் சுற்றி வரிசை கட்டவும் முடியாது. அது வெறும் ஏஸ் ஹை.

ஏழிலிருந்து ஐந்து

ஹோல்டெமில் உங்கள் இரண்டும் போர்டின் ஐந்தும் சேர்ந்து ஏழு. அவற்றில் எந்த ஐந்தையும் எடுக்கலாம்: கையிலிருந்து இரண்டு, ஒன்று, அல்லது ஒன்றுமே இல்லாமல் முழு போர்டையும். போர்டிலேயே 5-6-7-8-9 என்று கலப்புச் சின்னத்தில் ஸ்ட்ரெய்ட் விரிந்து கிடந்தால், கையில் ஏஸ் ஜோடி வைத்திருப்பவருக்கும் அதே ஸ்ட்ரெய்ட்தான். 10 வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வார். ஒருவரும் இல்லையென்றால் எல்லோருக்கும் பங்கு.

ஏழு சீட்டில் மூன்று ஜோடி வருவது புதியவர்களை அடிக்கடி ஏமாற்றும். உங்களிடம் 6-5, எதிராளியிடம் ஏஸ்-ராஜா. முதலில் திறந்த மூன்று சீட்டு ராஜா, 6, 5. இரண்டு ஜோடியோடு நீங்கள்தான் முன்னே. அடுத்து ஒரு 9, கடைசியாக இன்னொரு 9. இப்போது உங்களிடம் 9, 6, 5 என்று மூன்று ஜோடி. ஆனால் கைக்கு ஐந்து சீட்டுதான், 5 ஜோடி வெளியே விழுந்துவிடுகிறது. உங்கள் கை 9-9-6-6-ராஜா. எதிராளியின் கை ராஜா-ராஜா-9-9-ஏஸ். உங்கள் சீட்டு எதுவும் மாறவில்லை, ஆனாலும் தோற்றுவிட்டீர்கள். சின்ன எண்களில் இரண்டு ஜோடி வைத்திருப்பவர்கள் போர்டில் ஜோடி விழும்போது முகம் சுளிப்பது இதனால்தான்.

அதேபோல ஏழுக்குள் இரண்டு டிரிப்ஸ் வந்தால் அது ஃபுல் ஹவுஸ்; பெரிய எண் மூன்றாகவும் சிறிய எண்ணில் இரண்டு மட்டும் ஜோடியாகவும் கணக்கில் வரும். ஒரே சின்னத்தில் ஆறு அல்லது ஏழு சீட்டு சேர்ந்தாலும் மேல் ஐந்துதான் ஃப்ளஷ்.

ஏழு சீட்டுக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொத்தம் 13,37,84,560 வழிகளில் சிறந்த ஐந்தைப் பார்த்தால், ஒரு ஜோடி 43.8 சதவீதம், இரண்டு ஜோடி 23.5 சதவீதம், ஹை கார்ட் வெறும் 17.4 சதவீதம். அரிதானதே பெரியது என்றால் ஏழு சீட்டு ஆட்டத்தில் ஹை கார்ட் ஜோடியை வெல்ல வேண்டுமே? அப்படி விதியை மாற்றினால் ஆட்டமே உடைந்துவிடும். ஏழு சீட்டில் ஒரு ஜோடி இருப்பவரிடம் ஆறு வேறுவேறு எண்கள் இருக்கும். ஜோடியைப் பிரித்து, ஒட்டாத ஐந்தை மட்டும் காட்டி, "என்னுடையது ஹை கார்ட்" என்று சொல்லிவிடுவார். ஆக ஏழு சீட்டு ஆட்டமும் ஐந்து சீட்டின் வரிசையிலேயே நடக்கிறது.

போர்டைப் பார்த்ததும் எது முடியாது என்று சொல்வது

என்ன வரலாம் என்று தேடுவதைவிட என்ன வர முடியாது என்று கழித்துக்கொண்டு போவது வேகமானது. ஹோல்டெமில் போர்டில் ஒரே எண் இரண்டு இல்லையென்றால், யாரிடமும் ஃபுல் ஹவுஸோ குவாட்ஸோ இருக்க முடியாது. போர்டில் ஒரே சின்னம் மூன்று இல்லையென்றால் ஃப்ளஷ் இல்லை. எந்த ஸ்ட்ரெய்ட்டிலும் 5 அல்லது 10 கட்டாயம் இருக்கும். பத்து வரிசைகளையும் எழுதிப் பார்த்தால் தெரியும். உங்கள் ஏழு சீட்டில் இரண்டும் இல்லையென்றால் ஸ்ட்ரெய்ட்டைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

எதிராளிக்கு ஸ்ட்ரெய்ட் அமையுமா என்று அறிய, போர்டில் ஐந்து எண் அகலத்துக்குள் அடங்கும் மூன்று வேறு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ராஜா, 9, 8, 4, 2 என்ற போர்டில் அப்படி எந்த மூன்றும் இல்லை. சின்னமும் சிதறிக் கிடந்தால், இந்த போர்டில் யாராலும் எட்டக்கூடிய உச்சம் மூன்று ராஜா. இரண்டு ராஜா மூடி வைத்திருப்பவர் தன்னை யாரும் வெல்ல முடியாது என்ற நிச்சயத்தோடு ஆடலாம். ஒரு போர்டில் அமையக்கூடிய அசைக்க முடியாத கைக்கு நட்ஸ் என்று பெயர். அந்த 4-க்குப் பதில் 10 இருந்திருந்தால் நிலைமையே வேறு: 10, 9, 8 ஒன்றாக நிற்பதால் ராணி-ஜாக்கி வைத்திருப்பவருக்கு ராஜா வரை போகும் ஸ்ட்ரெய்ட், ஜாக்கி-7 வைத்திருப்பவருக்கு அதைவிடச் சின்னது ஒன்று. மூன்று ராஜா சட்டென்று இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஏழு சீட்டுக்குள் ஃப்ளஷும் ஃபுல் ஹவுஸும் சேர்ந்து அமைய வழியே இல்லை. ஃப்ளஷுக்கு ஐந்து வேறு எண்கள் வேண்டும். மிஞ்சும் இரண்டே சீட்டில் ஃபுல் ஹவுஸைக் கட்ட முடியாது. ஸ்ட்ரெய்ட்டுக்கும் இதே கதைதான். ஃப்ளஷ் கண்ணில் பட்டுவிட்டால், அது ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்டம் மாறினால் வரிசையும் மாறும்

2 முதல் 5 வரை நீக்கிய 36 சீட்டுக் கட்டில் ஆடும் ஷார்ட் டெக்கில் ஃப்ளஷ் ஃபுல் ஹவுஸை வெல்லும். காரணம் அதே எண்ணிக்கை: ஒரு சின்னத்தில் ஒன்பது சீட்டுதான் மிச்சம், ஃப்ளஷ் 480 ஆகச் சுருங்கிவிடுகிறது, ஃபுல் ஹவுஸோ 1,728. ஏஸ்-6-7-8-9 அங்கே மிகச் சிறிய ஸ்ட்ரெய்ட். டிரிப்ஸ் பெரியதா ஸ்ட்ரெய்ட் பெரியதா என்பது ஷார்ட் டெக்கில் இடத்துக்கு இடம் மாறும், உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றே சீட்டில் ஆடும் போக்கரில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷை வெல்லும். அங்கே 22,100 கைகளில் ஸ்ட்ரெய்ட் 720, ஃப்ளஷ் 1,096. மூன்று சீட்டை வரிசையாக அடுக்குவது ஒரே சின்னத்தில் அடுக்குவதைவிடக் கடினமாகிவிடுகிறது. இந்த ஆட்டத்திலிருந்து ஐந்து சீட்டுக்கு வருபவர்கள் பழைய வரிசையைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு இதுவும் ஒரு ஊற்று.

ஒமாஹாவில் தரவரிசை மாறாது, ஆனால் சீட்டு எடுக்கும் விதி மாறும். கையில் நான்கு சீட்டு. அதிலிருந்து சரியாக இரண்டு, போர்டிலிருந்து சரியாக மூன்று. போர்டில் நான்கு ஹார்ட்டின் கிடந்து, கையில் ஹார்ட்டின் ஏஸ் மட்டும் தனியாக இருந்தால் ஃப்ளஷ் கிடையாது. ஹோல்டெமிலிருந்து வருபவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பணத்தை இழந்துவிட்டுத்தான் கற்கிறார்கள்.

ஜோக்கர் போன்ற எதுவாகவும் மாறும் சீட்டைச் சேர்த்தால் ஒரே எண்ணில் ஐந்து அமையும். வழக்கமாக அது ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கும் மேல். சின்னக் கையே வெல்லும் லோபால் ஆட்டங்களும் உண்டு. அவற்றில் ஒரு வகையில் ஏஸ்-2-3-4-5 சிறந்த கை, ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் கணக்கிலேயே இல்லை. இன்னொரு வகையில் ஏஸ் பெரியது, ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். அதனால் சின்னம் கலந்த 2-3-4-5-7 சிறந்த கை.

சீட்டைத் திறக்கும்போது

கடைசியில் சீட்டைக் காட்டும் நேரத்தில் பொதுவாக நிலவும் மரபு, சீட்டுதான் பேசும் என்பது. வாயால் "இரண்டு ஜோடி" என்று சொல்லிவிட்டு ஃப்ளஷைக் கீழே வைத்தாலும், வைத்தது ஃப்ளஷ்தான். ஆகவே சந்தேகம் இருந்தால் எதுவும் சொல்லாமல் இரண்டு சீட்டையும் திறந்து மேசையில் வையுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது போதாது, போர்டு முழுதும் உங்கள் கையாக இருந்தாலும் சரி. எதிராளி தன் கையை உரக்கச் சொன்னதும் அதை நம்பி உங்கள் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டால், பிறகு நீங்கள்தான் வென்றிருந்தீர்கள் என்று தெரிந்தாலும் மீட்பது கடினம்.

கண் பழக, கட்டைக் கலைத்து ஐந்து சீட்டைத் திறந்து போடுங்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு சீட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே வரிசையில் பாருங்கள்: ஒரே சின்னம் ஐந்து இருக்கிறதா, போர்டில் ஜோடி உண்டா, அதோடு கை எப்படிச் சேர்கிறது, 5 அல்லது 10-ஐச் சுற்றி வரிசை உண்டா, பிறகு ஜோடியும் கிக்கரும். பார்த்து முடித்ததும் இரு பக்கத்தின் ஐந்து சீட்டையும் பெரியதிலிருந்து சிறியதாக வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஜோடி ஏஸ்" என்று நிறுத்தாமல் "ஏஸ், ஏஸ், ராஜா, 9, 6" என்று ஐந்தும் வர வேண்டும். முதல் இருபது தடவை மெதுவாகத்தான் போகும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும் என்ற நிலை வந்த பிறகு, மேசையில் சீட்டைப் படிப்பதை விட்டுவிட்டு ஆட்களைக் கவனிக்கத் தொடங்கலாம்.